சீருக்கு ஒருத்தி, ரத்தத்துக்கு ஒருத்தி

திருப்பூர் வட்டாரத்தில் யார் வீட்டிலாவது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கையில் பெரிய காகித உறை, முகத்தில் தூக்கமில்லாத வீக்கம். "உங்க பையனுக்கு வந்து நல்லாயிருச்சாமா. திரும்பி வந்தும் நல்லாயிருச்சாமா. எந்த ஆஸ்பத்திரிங்க, ஆருங்க டாக்டரு?" என்று கேட்கிறார்கள். எந்த ரயிலில் போக வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தச் சொல்லைக் கேட்டால் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். எழுந்து போகும்போது கும்பிட்டு, "பெத்த பிள்ளையக் காப்பாத்திட்டீங்க" என்கிறார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் மேல் இல்லை. நான் யாரையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் ஒருவர் வந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நெருப்பெரிச்சலில் எனக்கு நிட்டிங் கம்பெனி இருந்தது. வீடும் அதே காம்பவுண்டுக்குள். நான் கோவையில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவன். வெளிநாட்டுக்காரர்களிடம் நேராக ஆங்கிலத்தில் பேசி ஆர்டர் பிடிக்கத் தெரிந்தவன் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்குக் கூப்பிடுவார்கள். பெண்களைப் படிக்க வையுங்கள் என்று மேடையில் பேசுவேன். என் மகள் பூங்கொடியையும் படிக்க வைத்தேன். எண்பதுகளின் கடைசியில் அவள் அருள்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். தெற்கே கடலோரத்திலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். செய்தி தெரிந்த அன்று பங்காளிகள் பார்க்க, கிணற்றடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருக்கிறவளுக்குச் செய்தேன். என் மனைவி ருக்மணி துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அதன் பிறகு சில வருடங்கள் அந்தப் பெயரை நான் வாயால் சொல்லவில்லை.

பூங்கொடிக்கு இளையவன் மோகன். கம்பெனியை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. அப்புறம் விட்டுவிட்டுக் காய்ச்சல். அப்புறம் அடிபடாமலே தொடையில் நீலத் திட்டுகள். உள்ளூரில் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கோவையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஊட்டுக்குப் போகாதீங்க. இப்படியே கிளம்புங்க" என்று இன்னொரு ஊரைச் சொன்னார். அன்று இரவே ரயிலேறினோம்.

அக்யூட் லுக்கேமியா என்றார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் உற்பத்தியாகும் இடம். அங்கே வெள்ளையணுக்கள் பிறந்து, முதிர்ந்து, வேலை கற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே வரவேண்டும். இந்த நோயில் அவை முதிர்வதே இல்லை, பெருகிக்கொண்டே போகின்றன. எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணுக்களுக்கு இடமில்லாமல் உடம்பு வெளுக்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இல்லாமல் கண்ட இடத்தில் ரத்தம் கசியும். அக்யூட் என்றால் வேகமானது என்று அர்த்தம். விட்டால் சில வாரங்களில் ஆளை முடித்துவிடும்.

மருந்தில் முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, நோய் அடங்கியது. அடங்கியது திரும்பாமலிருக்க வேண்டுமென்றால் வேறொருவரின் மஜ்ஜையை வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். குரலை உயர்த்தாமல் பேசும் நடுவயதுப் பெண்மணி. "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

வாய் தவறிச் சொன்னதில்லை. எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த பதிலைத்தான் சொன்னேன். அந்நியர் முன்னால் என் பேச்சை ஒருநாளும் மறுத்திராத ருக்மணி, "இருக்கறாளுங்க. மூத்தவ. வேலம்பாளையத்துல இருக்கறா" என்றாள். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ருக்மணியைப் பார்த்தே மீதியைப் பேசினார்.

பூங்கொடி வந்தாள். யாரும் கெஞ்சவில்லை, அம்மா சொன்னதும் வந்துவிட்டாள். திசுப் பொருத்தம் பார்ப்பார்கள். பெற்றவர்களோடு பாதிதான் பொருந்தும். கூடப் பிறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு முழுதும் பொருந்த வாய்ப்பு உண்டு என்றார்கள். எனக்கு இருந்ததோ ஒரே ஒருத்தி. அவளுக்கு முழுதும் பொருந்தியது. மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பில் பல இடங்களில் ஊசியிறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். அவள் படுத்திருந்த அறைக்கு நான் போகவில்லை. மகனின் அறைக் கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். ஆள் மூலமாக ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினேன், ஊரிலிருந்து வந்த ஒறம்பரைக்கு, விருந்தாளிக்கு அனுப்புவதுபோல. இடுப்பு வலியில் நேராக உட்கார முடியாமல், ரயிலில் ஒருச்சாய்த்து உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தாள் என்று ருக்மணி பிற்பாடு சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து மோகனின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. ஆண் அணுவில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். பெண் அணுவில் இரண்டும் எக்ஸ். உள்ளே இருப்பது மோகனுடையதா, அக்காவுடையதா என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். "எல்லாமே பெண் அணுக்கள். அக்காவோடது நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். அவன் ரத்த வகைகூட மாறி, அக்காவின் வகையாகிவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதை வெளியில யாருக்கும் சொல்ல வேண்டாங்க டாக்டர்" என்றேன். ஆண்பிள்ளையின் எலும்புக்குள் பெண் அணு என்பது எனக்கு வெட்கமாக இருந்தது. வேதியியல் படித்தவன்.

ஒன்றரை வருடம் கழித்து மோகனுக்குக் கல்யாணம். பெண் என் மைத்துனன் மகள் கவிதா. நோய் வந்ததும் தெரியும், குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னதும் தெரியும். தெரிந்தே "மாமனைத்தான் கட்டுவேன்" என்றவள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளைச் சபை நடுவில் நிறுத்துவார்கள். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். வேறொரு வீட்டுக்குப் போனாலும் நீ இந்த வீட்டுப் பெண் என்று ஊரறியச் சொல்கிற சடங்கு. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி மகள் ஒருத்தி நிற்பாள்.

பூங்கொடி நிற்பாள் என்று ருக்மணி அவளிடம் சொல்லிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் என் பெரியப்பா மகன் பொன்னுசாமி அண்ணன் நாலைந்து பங்காளிகளோடு வந்தார்.

"உன்ற மவ வாறதுல எங்களுக்கு ஒண்ணுமில்லப்பா. வரட்டும், உண்டு போட்டுப் போகட்டும். சீருக்கு நின்னான்னா நாங்க மண்டபத்துப் படி ஏற மாட்டோம்."

"அவதானுங்கண்ணா இவன் உசுருக்கு..."

"ரத்தம் குடுத்தா. ஆரு இல்லீன்னா? நர்சுந்தான் ஊசி போட்டா. நர்சைக் கொண்டாந்து சீருக்கு நிறுத்துவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொள்வேன். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோதாவது எனக்குக் கோபம் இருந்தது, அறிவில்லாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்து சிரித்த சிரிப்பு.

கல்யாணத்தன்று பூங்கொடி மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சீருக்கென்று அவளே வாங்கியது. மண்டபத்து வாசலிலேயே நிறுத்தி, "கலாமணி நிக்கட்டும் கண்ணு. நீ வந்ததே போதும்" என்றேன். கலாமணி பொன்னுசாமி அண்ணனின் மகள். பூங்கொடி என்னைப் பார்த்தாள். "செரிங்கப்பா" என்றாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். கூறைச் சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு கலாமணி நின்றபோது, மேடையிலிருந்த மோகன் கண்ணால் கூட்டத்தைத் துழாவினான். நான் குனிந்து, "அப்பறம் பேசிக்கலாஞ் சாமி" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாப்பிடாமல் போனால் தம்பிக்கு ஆகாது என்று பூங்கொடி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாளாம்.

அடுத்த ஆடி வருவதற்குள் நோய் திரும்பி வந்தது. அவன் முதுகில் நீலத் திட்டைக் கவிதாதான் முதலில் பார்த்தாள்.

பழைய ஆஸ்பத்திரி, பழைய மரப்பெஞ்சு. காத்திருக்கும் கூடத்தில் சுவரோரமாக நான் முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் யாரோ ஓர் ஆந்திரக்காரர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. டாக்டரம்மா கவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினார்.

"மறுபடி ஆண் அணுக்கள் வந்திருச்சு. மோகனோட பழைய அணுக்கள். அதுதான் நோய். இன்னொரு தடவை மஜ்ஜை மாத்தினா இந்த உடம்பு தாங்காது."

"அப்ப ஒண்ணுமே இல்லீங்களா?" என்றாள் கவிதா.

"ஒண்ணு இருக்கு. புதுசு. வெளிநாட்டுலயே கொஞ்ச வருஷமாத்தான் பண்றாங்க. இதுவரைக்கும் நாம மருந்தால நோயைக் கொன்னோம். இது அப்படி இல்லை. நோயைக் கண்டுபிடிச்சுக் கொல்ற வெள்ளையணு, லிம்போசைட்டுன்னு பேரு, அதை அக்கா ரத்தத்துல இருந்து எடுத்து இவருக்கு ஏத்தறது. இவரோட சொந்த அணுவுக்கு நோய் வேத்தாளாத் தெரியலை, சும்மா விட்டிருச்சு. அக்கா அணுவுக்கு அது வேத்தாள். மஜ்ஜையோட முன்னாடி போனது பத்தலை, இப்ப நிறைய ஏத்தினா சண்டை போடும். அக்யூட் வகையில இதுல பிழைக்கிறவங்க கம்மி. நான் பொய் சொல்ல மாட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "மகள் வருவாங்க இல்லையா?" என்றார். கல்யாணத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை அறைந்தது.

ருக்மணி, "நான் கேக்க மாட்டேனுங்க. இந்த வாட்டி நீங்க போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாள்.

வேலம்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. முன்னறையில் ஓவர்லாக் மிஷின் போட்டுக் குழந்தைகள் பனியன் தைத்துக்கொண்டிருந்தாள். அருள்ராஜ்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க மாமா. உள்ள வாங்க. என்னத்துக்கு வாசல்லயே நிக்கிய?"

பூங்கொடி எழவில்லை. மிஷினையும் நிறுத்தவில்லை.

"மோகனுக்குத் திரும்பி வந்திருச்சு கண்ணு" என்றேன்.

மிஷின் நின்றது. "அம்மா சொன்னாங்க."

"உன்ற ரத்தத்துல இருந்து வெள்ளையணுவ மட்டும் எடுத்து அவனுக்கு..."

"கலாமணியக் கேட்டீங்களா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "ஆர?"

"கலாமணிங்கப்பா. அவதானுங்களே மோகனுக்கு அக்கா. ஊரே பாக்க நின்னாளே. அவளக் கூப்பிடுங்க."

"அவ ரத்தம் சேராது கண்ணு."

"சீருக்கு மட்டும் சேந்துதுங்களா?"

அருள்ராஜ், "பூங்கொடி, அவரு வயசென்ன, நீ பேசுத பேச்சென்ன" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. இது எங்க ஊட்டுப் பேச்சு" என்றவள், சொன்னதும் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "எங்க ஊடாமா! கேட்டீங்களா? பழக்கம் போக மாட்டீங்குது." கத்தரிக்கோலை எடுத்துத் தொங்கிக்கொண்டிருந்த நூலை வெட்டினாள். "அன்னைக்கு வாசல்ல என்னை நாலு அறை அறஞ்சிருந்தீங்கன்னாக்கூட மறந்திருப்பேன். 'நீ வந்ததே போதும்'னீங்க பாருங்க. இன்னைக்கு நீங்க வந்ததே போதுங்க. கெளம்புங்க."

எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். தெருவில் இறங்கிய பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"எப்ப வரோணும்?"

திரும்பினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பிக்கு வர்றேன். உங்களுக்கு இல்லீங்க. நான் அங்க இருக்கற வரைக்கும் நீங்க என் கண்ணுல படக்கூடாது. அம்மா இருந்தாப் போதும்."

முதலில் மோகனுக்கு மருந்து கொடுத்து நோயைக் கொஞ்சம் தட்டி வைத்தார்கள். அப்போது ரத்தமும் தட்டணுவும் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கு ஈடாக ஆட்கள் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். பங்காளி வீட்டுப் பையன்களுக்கு ஆள் அனுப்பினேன். ஒருவனுக்குச் சர்க்கரையாம். ஒருவன் மலைக்கு மாலை போட்டிருக்கிறானாம். ஒருவன் ஷிப்மெண்ட் முடிந்ததும் வருகிறானாம். அருள்ராஜ் ஒரு வேன் நிறையக் கட்டிங், தையல் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். "ரத்தம் குடுத்தா பிஸ்கட் தருவாங்கன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன் மாமா, பிஸ்கட்டு உண்டும்லா?" என்றார். அதில் பாதிப் பேருக்கு மோகன் யாரென்றே தெரியாது.

பூங்கொடி வந்த நாளில் நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிற்கும் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்தது ருக்மணி சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவை மயக்க மருந்து இல்லை, எலும்பில் ஊசி இல்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் ஒரு யந்திரத்துக்குப் போகும். அது சுற்றிச் சுற்றி வெள்ளையணுவை மட்டும் பிரித்துப் பையில் சேர்க்கும். மீதி ரத்தம் இன்னொரு கை வழியாக உடம்புக்கே திரும்பிவிடும். பல மணி நேரம் இரண்டு கையையும் மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து உடம்பின் சுண்ணாம்புச் சத்தை இழுப்பதால், "ஒதடெல்லாம் எறும்பு ஊர்றாப்பல இருக்குதம்மா" என்றாளாம். நர்ஸ் வந்து கால்சியம் கொடுத்தார். மூக்கு அரித்தால்கூடச் சொறியக் கையில்லை; ருக்மணி சொறிந்துவிட்டாள். ஊத்துக்குளி வெண்ணெயைக் கம்பு ரொட்டியில் தடவி ஊட்டிவிட்டாள். எத்தனையோ வருடம் ஊட்டாததை அன்று ஊட்டினேன் என்று சொல்லும்போது ருக்மணி என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் வெளியே வந்து ஆட்டோ ஏறும்போது நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மகள் கண்ணில் படாமல் ஒளிவது எவ்வளவு கேவலம் என்று நினைத்தேன். பிறகு, ஊர் கண்ணில் அவள் படாமல் நான் ஒளித்து வைத்ததை நினைத்தேன்.

பை சின்னது. மங்கிய செங்கல் நிறம். மோகனுக்கு அதை ஏற்றி முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. "இவ்வளவுதானுங்களா?" என்று ஏமாந்ததுபோலக் கேட்டான்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் சிகிச்சை. தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், எண்களைச் சொல்வார்கள், ஒன்றும் நடக்காது. ஒரு வாரம், இரண்டு வாரம். அந்த நாட்களில் பொன்னுசாமி அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு என் காதோரம் சொன்னார்: "பொம்பள ரத்தம் ஏத்துனது ஆம்பளைக்கு ஒத்துக்கல போல. அதும் அந்த ஊட்டுச் சோறு தின்ன ரத்தம்."

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில் தரையில் உடைந்தது நினைவிருக்கிறது. நர்ஸ் ஓடி வந்து, "இது வார்டு. சண்டை போடறதுன்னா கேட்டுக்கு வெளியே போய்ப் போடுங்க" என்று என்னைத்தான் திட்டினார். அண்ணன் போய்விட்டார். மூச்சு வாங்க, முகமூடி கட்டிக்கொண்டு மோகனின் அறைக்குள் போனேன். ஏதோ சாதித்துவிட்டதுபோல ஒரு நினைப்பு எனக்கு.

"இப்பக் கத்தி என்னங்கப்பா" என்றான் மோகன், கண்ணைத் திறக்காமல். "அன்னைக்குக் கத்தியிருக்கோணும்."

நான் முகமூடியைச் சரிசெய்துகொண்டேன்.

"நானுந்தான் வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். மாலையும் கழுத்துமா." பிறகு கண்ணைத் திறந்து, "அக்கா எலும்பக் குடைஞ்சு எடுத்து எனக்குள்ள வெச்சாங்க. அக்காவ மட்டும் கடைசி வரிசைல வெச்சோம்" என்றான்.

மூன்றாவது வாரம் அவன் உள்ளங்கைகள் சிவந்தன. பிறகு காது மடல், மார்பு, முதுகு. தணலில் காட்டியதுபோலச் சிவப்பு. நான் பதறிப்போய் டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன். அவர் வந்து மோகனின் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பு போன்ற ஒன்றைப் பார்த்தேன்.

"கொஞ்சம் வரட்டும்" என்றார். "அக்காவோட அணு வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு. எது நோய், எது தம்பின்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ரெண்டையுந்தான் தாக்கும். ரொம்பப் போச்சுன்னா அதை அடக்கணும். ரொம்ப அடக்கினா நோய் எழுந்திரும்."

மோகன் தன் சிவந்த கையைப் பார்த்து, "அக்கா அடிக்கறா" என்றான். "வீட்டுப்பாடம் எழுதுலீன்னா ஸ்கேல்ல இங்கதான் அடிப்பா." கவிதா சிரித்துவிட்டு, முகமூடிக்குள்ளேயே அழுதாள்.

சிரிப்பு சில நாட்கள்தான். தோல் உரிந்து, கையுறை கழலுவதுபோல உள்ளங்கையிலிருந்து வந்தது. கண் மஞ்சளானது. குடலையும் தாக்கி, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. படுக்கையை மாற்றி மாற்றிக் கவிதாவின் கை மரத்துப்போனது. மில் போல இரவும் பகலும் இயங்கும் அந்தக் கட்டடத்தில், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் எல்லோரையும் திட்டினேன். லிஃப்ட்காரனை, கான்டீன்காரனை, கடவுளை. ஊரில் ஒரு பகுதி நிலத்தை விற்றோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நிலம் விற்கத்தான் இருக்கிறது. பூங்கொடியின் அணுக்கள் என் மகனை உரித்துக்கொண்டிருந்தன. உரிக்க வேண்டியது என்னை அல்லவா என்றுதான் அந்தப் படுக்கையைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது.

ஸ்டீராய்டு மருந்து கொடுத்து மெல்ல அடக்கினார்கள். மஞ்சள் இறங்கியது. வயிறு நின்றது. ஒருநாள் ரசஞ்சாதம் கேட்டான். அதற்குப் பிறகுதான் மஜ்ஜையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும் நாளில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஆண் வாரிசு வேண்டும் என்று கும்பிட்டவன் நான். பூங்கொடி பிறந்தபோது முகம் சுளித்து, மோகன் பிறந்தபோது ஊருக்கே சர்க்கரை கொடுத்தவன். அப்படிப்பட்டவன் அன்று மரப்பெஞ்சில் உட்கார்ந்து, ஓர் ஆண் அணுகூட இருக்கக் கூடாது, எல்லாம் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா அறைக்குக்கூடக் கூப்பிடவில்லை. தாழ்வாரத்திலேயே நின்று சொன்னார். "பார்த்த அணு அத்தனையும் அக்காவோடது. ஆண் அணு ஒண்ணுகூட இல்லை." ருக்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போதைக்கு இது நல்ல செய்தி என்றார். இந்தத் தடவை, வெளியில் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வேலம்பாளையத்தில் அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூச்சு வாங்க வந்து எடுத்தாள்.

"பூங்கொடி, அப்பா பேசறேன். ரிசல்ட் வந்திருச்சு. ஆண் அணு ஒண்ணுகூட இல்லையாமா. அத்தனையும் உன்றதுதானாமா."

 

"அப்ப உங்களுக்கு ரெண்டும் பொண்ணாப் போச்சுங்களே அப்பா" என்றாள். "இனி ஆருக்கு ஊடு எழுதி வெப்பீங்க?"

அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "வேல கெடக்குதுங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்தத் தாக்குதலில் நுரையீரலும் கெட்டிருந்தது, கம்பெனியின் பஞ்சுத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மோகன் எங்கள் காம்பவுண்டுக்குத் திரும்பவே இல்லை. அக்கா தன் மிஷினை வேறிடத்துக்கு மாற்றிவிட்டாள்; அவள் வீட்டு மாடியில் குடியேறினான். பிறகு பக்கத்திலேயே வீடு பிடித்துக்கொண்டான். இன்றும் அவன் உள்ளங்கைத் தோல் இறுகித்தான் இருக்கிறது, வாய் உலர்ந்துபோகிறது. ஆனால் இருக்கிறான். அவனைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் வாசலைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். "வாங்கப்பா" என்பாள். தண்ணீர் கொடுப்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என் வீட்டுப் படியை அவள் மிதித்ததில்லை. ருக்மணி போனபோதுகூட நேராகச் சுடுகாட்டுக்கு வந்து, அங்கிருந்தே திரும்பிப் போனாள். வீட்டை அவள் பெயருக்கு எழுதப் பார்த்தேன். "வேண்டாங்க" என்றாள்.

போன வாரம் வந்தவர் என்னைவிட வயதில் இளையவர், நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில் வைத்திருப்பவர். மகனுக்கு நோய் திரும்பி வந்திருக்கிறது. மனைவியும் கூட வந்திருந்தார். நான் வழக்கம்போல எல்லாம் சொல்லிவிட்டு, "பையனுக்குக் கூடப் பொறந்தவங்க ஆராச்சும் இருக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க" என்றார் அவர்.

சொல்வதற்கு முன் ஒரு நொடி தாமதித்தார். எனக்கு அந்த நொடி தெரியும். அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் ஏறியது. அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க சொல்லுங்க அம்மிணி" என்றேன்.